44 கிலோ நாயும் ஒரு சரக்குக் கதவும்: பெரிய நாய்க்குப் பயணக் கூண்டு தயாரித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வேலை மாற்றத்தின் காரணமாக வேறொரு நாட்டுக்குக் குடிபெயரவிருந்த ஒரு தம்பதியர், தங்கள் வளர்ப்பு நாயையும் விமானத்தில் உடன் கொண்டுசெல்ல முடிவு செய்திருந்தனர். நாய் ஐந்து வயது ஆண். ஜெர்மன் ஷெப்பர்ட் கலப்பு. எடை 44 கிலோ. காதுகள் எப்போதும் நிமிர்ந்து நிற்பவை. வீட்டுக்குள் தடையின்றி உலவிப் பழகிய அந்த நாய் கூண்டுக்குள் ஒருமுறைகூடப் படுத்ததில்லை. அந்நியர்களிடம் அமைதியாக இருக்கும். ஆனால் உலோகம் மோதும் ஒலி கேட்டால் மிரண்டு அறை மூலைக்குப் போய்விடும். இந்த ஒரு குணம் பின்னர் எல்லாவற்றையும் விட முக்கியமானதாயிற்று.

பயணத்துக்கு ஏறத்தாழ பத்து வாரம் இருக்கையில் என்னிடம் ஆலோசனை கேட்டு வந்தனர். அதற்குள் இரண்டு காரியங்கள் முடிந்திருந்தன. பயணச்சீட்டு வாங்கப்பட்டிருந்தது: முதற்கட்டம் ஒற்றை நடைபாதை கொண்ட போயிங் 737 வகை விமானத்திலும், இரண்டாம் கட்டம் அகன்ற உடல் விமானத்திலும் என இணைப்புப் பயணம். கூண்டும் வாங்கப்பட்டிருந்தது: "45 கிலோ வரை" என்று ஒட்டுச்சீட்டில் எழுதியிருந்த, மேல்பாதியும் கீழ்பாதியும் பொருத்திக் கட்டும் பிளாஸ்டிக் கூண்டு. எஞ்சியிருப்பது நாயை அதற்குள் பழக்குவது மட்டுமே என்பது அவர்களின் எண்ணம். நாயின் அளவு, விமானத்தின் கதவு, கூண்டு, பயணச்சீட்டு என்ற வரிசையில் எடுக்கப்பட வேண்டிய முடிவுகள் இங்கே தலைகீழாக எடுக்கப்பட்டிருந்தன. பின்னர் வந்த சிக்கல்களில் பாதிக்கு மேல் அந்த வரிசைக் குழப்பத்திலிருந்தே பிறந்தவை.

தொடர்புடையவர்களின் பெயர்களும் ஊர்களும் நிறுவனங்களும் இக்குறிப்பில் தவிர்க்கப்பட்டுள்ளன.

அளவெடுத்தபோது தெரிந்தவை

விமானத்தில் விலங்குகளைக் கொண்டுசெல்வதற்குப் பெரும்பாலான நிறுவனங்கள் பின்பற்றுவது, ஐயாட்டா எனப்படும் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் உயிருள்ள விலங்குகள் விதிமுறைகளை. அவற்றில் நாயின் எடை கூண்டின் அளவைத் தீர்மானிப்பதில்லை. நான்கு நீளங்கள்தான் தீர்மானிக்கின்றன: மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரையுள்ள நீளம், தரையிலிருந்து முன்னங்காலின் முழங்கை மூட்டு வரையுள்ள உயரம், உடலின் மிக அகன்ற இடத்தின் அகலம், நாய் இயல்பாக நிற்கும்போது தரையிலிருந்து தலையுச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதுவரையுள்ள உயரம். உடல் நீளத்தோடு முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டினால் கூண்டின் உள்நீளம் கிடைக்கும். உடல் அகலத்தின் இருமடங்கு உள்ளகலம். நிற்கும் உயரத்தோடு விரிப்பின் தடிமனைக் கூட்டினால் உள்ளுயரம். படுத்து முன்னங்கால்களை நீட்டவும், உள்ளேயே திரும்பவும், தலை இடிக்காமல் நிற்கவும் இடம் வேண்டும் என்பதே இக்கணக்கின் பொருள். தட்டையான மூக்கு கொண்ட இனங்களுக்கு இந்த அளவுகளைப் பத்து விழுக்காடு கூட்ட வேண்டும். இந்த நாய்க்கு அது தேவைப்படவில்லை.

தம்பதியர் முன்பே ஓர் அளவு எடுத்து வைத்திருந்தனர். அதில் இரண்டு பிழைகள் இருந்தன; இரண்டுமே பலரும் செய்பவை. முன்னங்காலின் நடுவில் முழங்கால் போலத் தோன்றும் மூட்டை முழங்கை என்று கொண்டிருந்தனர். அது உண்மையில் நாயின் மணிக்கட்டு. முழங்கை அதற்கு வெகு மேலே, மார்பை ஒட்டி இருக்கிறது. அடுத்து, உயரத்தைத் தலையுச்சியோடு நிறுத்திவிட்டனர். நிமிர்ந்த காதுள்ள நாய்க்கு இது பத்து செ.மீ. அளவுக்குக்கூட வேறுபாட்டைத் தரக்கூடும்.

அளவு நாடாவை நீட்டினாலே நாய் தலையைத் தாழ்த்தியதால், சுவரோரம் நிற்கவைத்து அளக்க முடிவு செய்தோம். ஒருவர் தின்பண்டத்தை நாயின் மூக்குக்கு நேராக, உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் பிடித்துக்கொள்ள, மற்றவர் ஒரு தட்டையான அட்டையைக் காது நுனியில் வைத்துச் சுவரில் சுண்ணக்கட்டியால் கோடிட்டார். வெவ்வேறு வேளைகளில் இப்படி எடுத்த அளவுகளுள் மிகப் பெரியதையே கணக்கில் கொண்டோம், சராசரி எடுக்கவில்லை. விமான நிலையத்தில் கூண்டைச் சோதிக்கும் ஊழியர் பார்க்கப்போவது பரபரப்பில் காதை விறைத்து நிற்கும் நாயையே.

கிடைத்த அளவுகள்: உடல் நீளம் 104 செ.மீ., முழங்கை உயரம் 38, அகலம் 30, காது நுனி வரை உயரம் 86. ஆகவே கூண்டின் உள்ளளவு குறைந்தது 123 செ.மீ. நீளம், 60 அகலம், மூன்று செ.மீ. விரிப்போடு சேர்த்து 89 உயரம் இருக்க வேண்டும்.

வாங்கி வைத்திருந்த கூண்டு இதில் எந்த அளவையும் எட்டவில்லை. கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் கூண்டுகளில் மிகப் பெரிய அளவும் ஆராயப்பட்டது. அதன் வெளியளவு ஏறத்தாழ 122 செ.மீ. நீளம், 81 அகலம், 89 உயரம். வெளியுயரமே நமக்கு வேண்டிய உள்ளுயரமாக இருந்தது. மேலும் இத்தகைய கூண்டுகளின் சுவர்கள் கீழ்நோக்கிக் குறுகுவதால், நாய் உண்மையில் படுக்கும் தரை, அட்டையில் அச்சிட்டிருக்கும் நீளத்தைவிடக் கணிசமாகக் குறைவு. விற்பனையாளர்கள் பெரும்பாலும் வெளியளவையே சொல்கிறார்கள். உள்ளே நாடா வைத்து அளக்காமல் எந்தக் கூண்டையும் வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

விமானத்தின் கதவு

உள்ளுயரமே 89 செ.மீ. என்றால், கூரை, தரை, அடிக்கட்டை எல்லாம் சேர்ந்து வெளியுயரம் ஒரு மீட்டரை எட்டும். போயிங் 737 விமானத்தின் கீழ்த்தளச் சரக்குக் கதவின் உயரம் ஏறத்தாழ 89 செ.மீ. மட்டுமே. உயிருள்ள விலங்கு இருக்கும் கூண்டைச் சாய்த்தோ படுக்கவைத்தோ ஏற்ற முடியாது. எனவே, எவ்வளவு நல்ல கூண்டு செய்தாலும் அந்தப் பயணச்சீட்டின் முதற்கட்டத்தில் இந்த நாய் ஏறவே முடியாது. ஏர்பஸ் 320 வகையில் அக்கதவின் உயரம் ஏறத்தாழ 124 செ.மீ.; அகன்ற உடல் விமானங்களின் பெரிய சரக்குக் கதவுகள் 170 செ.மீ. அளவுக்கு உயர்ந்தவை. இவற்றில் இடர் இல்லை.

மூன்று வழிகள் எடைபோடப்பட்டன. நாயை மட்டும் வேறொரு தடத்தில் முன்கூட்டி அனுப்புவது ஒன்று. முதற்கட்டத்தை மட்டும் வேறு வகை விமானத்துக்கு மாற்றுவது மற்றொன்று. சாலை வழியாகச் சில மணி நேரம் பயணம் செய்து பெரிய விமான நிலையம் ஒன்றை அடைந்து, அங்கிருந்து இடைநிறுத்தம் இல்லாத அகன்ற உடல் விமானத்தில் செல்வது மூன்றாவது. மூன்றாவதே தேர்ந்தெடுக்கப்பட்டது. விமானம் பறக்கும்போது, விலங்குகளை ஏற்றும் சரக்கு அறையில் பயணிகள் அறையைப் போலவே காற்றழுத்தம் பேணப்படுகிறது, வெப்பமும் கட்டுப்படுத்தப்படுகிறது. இடர் மிகுதியாக இருப்பது தரையில்தான்: கூண்டு வண்டியில் காத்திருக்கும் நேரம், ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் நேரம், விமானத்தின் அருகே வெயிலில் நிற்கும் நேரம். இணைப்பு ஒன்று குறைந்தால் இந்த நேரமும் குறைகிறது. சீட்டை மாற்றியதற்கான அபராதம் அவர்களுக்கு வருத்தமளித்தாலும், இந்தக் காரணத்தைக் கேட்ட பின் தயங்கவில்லை.

இரவில் புறப்படும் விமானமாகவும் தேர்ந்தெடுத்தோம். தரைவெப்பம் ஏறத்தாழ 29 பாகை செல்சியஸைத் தாண்டினால் பல நிறுவனங்கள் விலங்கை ஏற்க மறுத்துவிடும். அப்படி மறுக்கப்பட்டால் குடும்பம் ஒரு கண்டத்திலும் நாய் இன்னொரு கண்டத்திலும் இருக்க நேரிடும்.

கூண்டைச் செய்வித்தல்

ஆயத்தக் கூண்டு பொருந்தாததால், தச்சர் ஒருவரிடம் பிளைவுட் கூண்டு செய்விக்க முடிவாயிற்று. அலுமினியக் கூண்டும் பேசப்பட்டது. எடை குறைந்தால் கட்டணம் குறையும் என்று அவர்கள் கருதினர். ஆனால் நாய் பயணிகளின் உடைமையாக அன்றி, சரக்காகப் பதிவாகிச் செல்ல வேண்டியிருந்ததால், கட்டணம் உண்மை எடை, கன அளவு எடை ஆகிய இரண்டில் எது பெரியதோ அதன்படி அமைகிறது. செ.மீ. கணக்கில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் கன அளவு எடை கிலோவில் வரும். திட்டமிட்ட கூண்டின் வெளியளவு 132, 74, 102. கன அளவு எடை 166 கிலோவுக்குச் சற்று மேல். நாயும் கூண்டும் சேர்ந்த உண்மை எடையோ ஏறத்தாழ 82 கிலோதான். எடையில் பத்துக் கிலோவைக் குறைத்தாலும் கட்டணத்தில் ஒரு காசு குறையாது. வெளியளவில் சில செ.மீ. குறைந்தால்தான் குறையும். அலுமினியத்துக்கு வேறு நன்மைகள் உண்டு என்றாலும் இந்தக் காரணத்துக்காக அதைத் தேட வேண்டியதில்லை என்று முடிவு செய்தோம்.

"கொஞ்சம் பெரியதாகவே செய்துவிடலாமே" என்ற ஆசையையும் இதே கணக்கு அடக்கியது. கட்டணம் ஒருபுறமிருக்க, அளவுக்கு மீறிய இடம் நாய்க்கு நல்லதும் அன்று. விமானம் ஏறி இறங்கும்போதும் வண்டி திரும்பும்போதும், முதுகைச் சாய்க்கச் சுவர் அருகில் இல்லாத நாய் சறுக்குகிறது. எனவே உள்ளளவு 124, 66, 91 செ.மீ. என்று, தேவையை ஒட்டிச் சிறு கூடுதலோடு நிறுத்தப்பட்டது.

காற்றோட்டத்துக்குப் பன்னாட்டுப் பயணத்தில் நான்கு பக்கமும் திறப்பு வேண்டும். திறப்புகளின் மொத்தப் பரப்பு நான்கு பக்கங்களின் பரப்பில் 16 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. இக்கூண்டில் நான்கு பக்கங்களின் பரப்பு 34,580 சதுர செ.மீ.; அதில் 16 விழுக்காடு ஏறத்தாழ 5,530. முன்கதவு முழுவதையும் பற்றவைத்த எஃகுக் கம்பிவலையாக அமைத்து, மற்ற மூன்று பக்கங்களின் மேற்பகுதியில் வலையிட்ட சாளரங்கள் வைத்ததால், கம்பிகள் மறைக்கும் பரப்பைக் கழித்த பின்னும் தேவைக்கு மேல் கிடைத்தது. கீழ்ப்பகுதி அடைப்பாகவே விடப்பட்டது. படுத்திருக்கும் நாய்க்கு வெளியே ஓடும் வண்டிகளும் விளக்குகளும் தெரியாமல் இருப்பது பெரிய அமைதி. காற்று வேண்டும் என்பதற்காக எல்லாப் பக்கத்தையும் வலையாக்கிவிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். வலையின் கண்கள் மூக்கோ பாதமோ வெளியே நுழையாத அளவில் இருந்தன. பக்கச் சுவர்களுக்கு வெளியே 2.5 செ.மீ. தடிமனில் சட்டங்கள் ஓடின. பக்கத்தில் வேறு சரக்கை நெருக்கி அடுக்கினாலும் சாளரங்கள் அடைபடாமல் அவை இடைவெளி காக்கும். மொத்த எடை 60 கிலோவுக்கு மேல் என்பதால் ஃபோர்க்லிஃப்ட் முட்கள் நுழைய அடிக்கட்டைகள் கட்டாயமாயின. கதவின் தாழ்க்கம்பிகள் மேலும் கீழும் சட்டத்துக்குள் 1.6 செ.மீ.க்குக் குறையாமல் இறங்கின. இணைப்புகள் அனைத்தும் உலோகப் போல்ட், நட்டு. சக்கரம் எதுவும் வைக்கவில்லை.

இவ்வளவும் சரியாக அமைந்த கூண்டில் ஒன்று தவறிப்போயிருந்தது. சட்டங்களுக்கும் அடிக்கட்டைகளுக்கும் தச்சர் கையிருப்பிலிருந்த சாதாரண மரத்தைப் பயன்படுத்தியிருந்தார். நாடு விட்டு நாடு செல்லும் மரப் பொதிகளுக்கு ஐ.எஸ்.பி.எம். 15 என்ற பன்னாட்டுத் தாவர நலத் தரம் பொருந்தும்: திட மரம் அதன் மையப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கும்படி பதப்படுத்தப்பட்டு, கோதுமைக் கதிர் சின்னம் கொண்ட முத்திரை பெற்றிருக்க வேண்டும். மரத்தில் ஒளிந்திருக்கும் பூச்சிகள் எல்லை கடப்பதைத் தடுப்பதே நோக்கம். பசையும் வெப்பமும் அழுத்தமும் கொண்டு செய்யப்படுவதால் பிளைவுட்டுக்கு இது தேவையில்லை. திடமரச் சட்டங்களுக்குத் தேவை. தச்சரிடம் தரப்பட்ட குறிப்பில் கூண்டின் அளவுகள் இருந்தன, மரத்தின் வகை இல்லை. முத்திரையிட்ட மரம் தேடிப்பிடித்துச் சட்டங்களையும் அடிக்கட்டைகளையும் முழுதாக மாற்ற நேர்ந்தது. பழக்குவதற்கென்று வைத்திருந்த நாட்களில் ஒரு வாரத்துக்கும் மேல் இதில் போயிற்று.

நாயைப் பழக்குதல்

அந்த வாரத்தை வீணாக்காமல் இருக்க, வீட்டில் கிடந்த சிறிய பிளாஸ்டிக் கூண்டின் கீழ்ப்பாதியை மட்டும் தனியே எடுத்து, நாயின் பழைய விரிப்பை அதில் போட்டு, உணவுத் தட்டை அங்கே வைத்தார்கள். கூரையும் கதவும் இல்லாத அந்தத் தொட்டியில் நாய் தயக்கமின்றி ஏறியது. பயணத்துக்கு உதவாத கூண்டு இப்படி ஒரு நல்ல பயன் தந்தது.

பெரிய கூண்டு வந்ததும் கதவைக் கழற்றிவிட்டு, நடமாட்டமுள்ள அறையில் வைத்தோம். உள்ளே தள்ளுவதோ இழுப்பதோ கூடாது என்பது முதல் விதி. ஒவ்வொரு வேளை உணவும் உள்ளே. முதலில் வாசலருகே, பிறகு ஆழத்தில். நாய் தானாகவே உள்ளே போய்ப் படுக்கத் தொடங்கிய பின்னரே கதவு மாட்டப்பட்டது. மாட்டிய பிறகும் சில நாட்கள் மூடப்படவில்லை.

கதவை முதன்முறை மூடியபோதுதான் தடை வந்தது. எஃகுத் தாழ் சட்டத்தில் விழுந்த ஓசையில் நாய் துள்ளி எழுந்து, கதவு திறந்ததும் வெளியேறி, அன்று முழுவதும் கூண்டை அணுகவில்லை. கூண்டை அது வெறுக்கிறது என்று தம்பதியர் கருதினர். கவனித்துப் பார்த்ததில் வேறு ஒன்று புலப்பட்டது: கதவைத் தாழிடாமல் கையால் சாத்தியபோது நாய் அசையவில்லை. அச்சம் அடைபடுவதைப் பற்றியதன்று, ஒலியைப் பற்றியது. எனவே தாழ்க்கம்பியில் துணிநாடா சுற்றி ஓசையை அடக்கிவிட்டுப் பயிற்சியைத் தொடர்ந்தோம். அதற்குப் புறம்பாக, நாய் அறையின் மறுமூலையில் இருக்கும்போது தாழை மெல்லத் தட்டி, ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு துண்டு இறைச்சி கொடுக்கப்பட்டது. ஒலி கேட்டதும் நாய் மிரளாமல் கையைப் பார்க்கத் தொடங்கியபோது, தூரம் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. துணிநாடா ஒவ்வொரு சுற்றாகக் கழற்றப்பட்டது. விமான நிலையத்தில் யாரும் தாழை மெல்லச் சாத்தப்போவதில்லை என்பதால் இந்தக் கட்டத்தில் அவசரப்படவில்லை.

எவ்வளவு நேரம் அடைத்தோம் என்பதை முன்னேற்றத்தின் அளவுகோலாகக் கொள்ளவில்லை. உடலைப் பார்த்தோம். குளிர்ந்த அறையில் இரைப்பது, எச்சில் வடிப்பது, உதட்டை நக்குவது, அடிக்கடி கொட்டாவி விடுவது, பிடித்த தின்பண்டத்தை மறுப்பது ஆகியவை இருந்தால் நேரம் குறைக்கப்பட்டது. இடுப்பை ஒருபக்கமாகச் சாய்த்துத் தலையைக் கீழே வைத்துப் படுத்தால் மட்டுமே கூட்டப்பட்டது. சத்தமின்றி விறைத்து உட்கார்ந்திருக்கும் நாயை அமைதியான நாய் என்று எண்ணிவிடுவது எளிது. இறுதி வாரங்களில் அது இரவு முழுவதும் மூடிய கூண்டில் தூங்கியது.

அசையாத கூண்டில் பழகிய நாய்க்கு அசையும் கூண்டு வேறொரு பொருள். கூண்டைத் தள்ளுவண்டியில் ஏற்றி மெல்ல நகர்த்தியபோது, வழவழப்பான பிளைவுட் தரையில் நகங்கள் பிடிமானமின்றிச் சறுக்க, நாய் கால்களை அகட்டி நின்று இரைக்கத் தொடங்கியது. தரை முழுவதும் சொரசொரப்பான ரப்பர் விரிப்பை ஒட்டி, ஓரங்களை நீர் கசியாமல் அடைத்து, அதன்மேல் ஈரம் உறிஞ்சும் விரிப்பைப் போட்டதும் அடுத்த முறை அது படுத்தே இருந்தது. பின்னர் கூண்டைச் சரக்கு வண்டியில் ஏற்றிச் சில குறும்பயணங்களும் செய்யப்பட்டன.

மயக்க மருந்து பற்றிய கேள்வி

தம்பதியர் தொடக்கத்திலிருந்தே கேட்டுவந்த கேள்வி இது. கால்நடை மருத்துவர் உறுதியாக மறுத்தார். அமைதிப்படுத்தும் மருந்துகள் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும். உடல்வெப்பத்தைச் சீராக்கும் ஆற்றலையும், அசைவுக்கேற்ப உடலைத் தாங்கிக்கொள்ளும் சமநிலையையும் கெடுக்கும். சிலவற்றால் உடல் மட்டுமே அடங்கும், அச்சம் அப்படியே இருக்கும். வீட்டில் மருந்து கொடுத்தால் கண்காணிக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் இல்லை. மருந்து கொடுக்கப்பட்டதாகத் தெரிந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் நாயை ஏற்பதும் இல்லை. பழக்கப் பயிற்சி நன்கு நடந்துகொண்டிருந்ததால் இக்கேள்வி மீண்டும் எழவில்லை.

பயண நாள்

முந்தைய இரவே தண்ணீர்க் கிண்ணம் ஒன்று உறைய வைக்கப்பட்டது; கூண்டைத் தூக்கி ஏற்றும்போது தண்ணீராக இருந்தால் சிந்தி விரிப்பை நனைக்கும், பனிக்கட்டியாக இருந்தால் மெல்ல உருகி நெடுநேரம் பயன்படும். இரண்டாவது கிண்ணம் கதவைத் திறக்காமல் வெளியிலிருந்து குழாய் வழியாக நிரப்பும்படி பொருத்தப்பட்டிருந்தது. புறப்படுவதற்கு ஐந்து மணி நேரம் முன்பு சிறிதளவே உணவு தரப்பட்டது; தண்ணீர் தடுக்கப்படவில்லை. உள்ளே விரிப்பும், வீட்டில் அணிந்து துவைக்காத ஒரு பருத்திச் சட்டையும் மட்டுமே வைக்கப்பட்டன. வைக்கோல் தவிர்க்கப்பட்டது, பல நாடுகள் அதை உள்ளே விடுவதில்லை. கழுத்துப்பட்டை வலையில் மாட்டி இறுக வாய்ப்புள்ளதால் அது கழற்றப்பட்டு, வாருடன் சேர்த்துக் கூரைமேல் ஒரு பையில் கட்டப்பட்டது. "உயிருள்ள விலங்கு", "இந்தப் பக்கம் மேலே" என்ற ஒட்டுச்சீட்டுகளும் அம்புக்குறிகளும், உணவும் நீரும் தருவதற்கான குறிப்பும் ஒட்டப்பட்டன.

சரக்குப் பிரிவில் ஊழியர் நாடாவால் கூண்டை அளந்து, நாயை உள்ளே எழுந்து நிற்கவும் திரும்பவும் செய்துகாட்டச் சொன்னார். காது நுனிக்கும் கூரைக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அடுத்து, மரச்சட்டத்திலிருந்த முத்திரையைத் தேடினார். அது அடிக்கட்டையில் மட்டும் இருந்ததால் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

பாதுகாப்புச் சோதனையில் நாயை வெளியே எடுத்துவிட்டு வெறுங்கூண்டு சோதிக்கப்பட்டது. நாய் தப்பி ஓட எளிதில் வாய்ப்புள்ள வேளை இது. கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொள்ள முடியும் என்பதால், நெஞ்சைச் சுற்றும் வார்ப்பட்டை ஒன்றை இதற்கென்றே கொண்டுவந்திருந்தனர். சோதனைக்காகக் கதவின் மூலைகளில் கட்டியிருந்த கேபிள் டைகள் வெட்டப்பட்டன. மீண்டும் கட்டுவதற்குக் கூடுதல் டைகள் கையிலிருந்ததால் தாமதம் ஏற்படவில்லை. விமானம் ஏறியபின், சரக்கு அறையில் விலங்கு இருப்பது விமானிக்குத் தெரிவிக்கப்பட்டதா என்று பணியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டனர். விலங்கு ஏற்றப்படும்போது விமானிக்கு அறிவிப்புத் தாள் தருவது நடைமுறைதான் என்றாலும், கேட்பதில் தவறில்லை.

விளைவு

பறந்த நேரம் ஒன்பது மணி. ஒப்படைத்தது முதல் பெற்றுக்கொண்டது வரை நாய் கூண்டில் இருந்த நேரம் ஏறத்தாழ பதினைந்து மணி. கூண்டு வெளியே வந்தபோது நாய் படுத்திருந்தது. குரல் கேட்டதும் எழுந்து நின்றது. விரிப்பு ஒரு பக்கம் நனைந்திருந்தது; உறைய வைத்த கிண்ணம் காலியாக இருந்தது. பற்களிலோ மூக்கிலோ நகங்களிலோ காயம் இல்லை. வெளியே வந்ததும் நிறையத் தண்ணீர் குடித்தது. முதல் நாள் உணவில் ஆர்வம் காட்டவில்லை. அடுத்த நாள் இயல்பு திரும்பியது.

கூண்டில் ஓரிடத்தில் மட்டும் சேதம் இருந்தது. பின்பக்கச் சாளரத்தின் கீழ்விளிம்பில் பிளைவுட் அடுக்குகள் பல்லால் பிய்க்கப்பட்டு, ஒரு கைப்பிடி அளவு மரச்சில்லுகள் விரிப்பில் கிடந்தன. பயணத்தின் ஏதோ ஒரு பகுதியில் நாய் அந்த விளிம்பைக் கடித்திருக்கிறது. எவ்வளவு பழக்கியிருந்தாலும் பதினைந்து மணி நேரமும் அது அமைதியாக இருந்தது என்று சொல்ல முடியாது என்பதற்கு அந்தச் சில்லுகளே சான்று. நாய் அவற்றை விழுங்கியிருக்கலாம் என்பதால் மருத்துவர் சில நாட்கள் மலத்தைக் கவனிக்கச் சொன்னார். தொல்லை எதுவும் வரவில்லை.

மாற்ற வேண்டியவை

முதல் மாற்றம் வரிசை. நாயை அளந்து, வெளியளவைக் கணக்கிட்டு, அந்தத் தடத்தில் பறக்கும் விமான வகையின் சரக்குக் கதவோடு ஒப்பிட்டு, நிறுவனத்திடம் எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே பயணச்சீட்டு வாங்கப்பட வேண்டும். விமான வகை கடைசி நேரத்தில் மாற்றப்படுவதும் உண்டு என்பதால், புறப்படும் வாரத்தில் அதை மறுபடி கேட்டு உறுதி செய்வது நல்லது.

தச்சருக்குத் தரும் குறிப்பில் அளவுகளுக்கு முன்பாக மரத்தின் முத்திரை எழுதப்பட வேண்டும். முத்திரை வெளிப்பக்கச் சட்டத்தில், நின்றபடியே கண்ணில் படும் இடத்தில் வருமாறு மரம் வெட்டப்பட வேண்டும். நாயின் வாய்க்கு எட்டும் பிளைவுட் விளிம்பு ஒவ்வொன்றும் உலோகப் பட்டையால் மூடப்பட வேண்டும். இக்கூண்டில் கதவுச் சட்டத்துக்கு அது செய்யப்பட்டது, சாளரங்களுக்கு விடப்பட்டது. ரப்பர் தரையைப் பயிற்சியின் முதல் நாளிலிருந்தே போட்டிருந்தால் தள்ளுவண்டியில் ஏற்பட்ட பின்னடைவு நேர்ந்திருக்காது.

பழக்குவதற்கு இங்கே கிடைத்த காலம் போதுமானதாகவே அமைந்தது; ஆனால் ஒலிக்கு மிரளும் நாய்க்கு மூன்று மாதமாவது ஒதுக்கச் சொல்வேன். தாழின் ஓசையோடு, வண்டி இழுக்கும் இயந்திரத்தின் இரைச்சல், உருளைகளில் கூண்டு நகரும் கடகடப்பு ஆகியவற்றின் ஒலிப்பதிவுகளையும் தாழ்ந்த ஒலியில் தொடங்கிப் பழக்கியிருக்கலாம். பின்பக்க விளிம்பு கடிபட்டதற்கு ஏற்றும் நேரத்தின் ஒலி காரணமாக இருந்திருக்கக் கூடும் என்பது என் ஊகம். கடிபட்ட பக்கம் கதவுக்கு நேர்எதிராக, நாய் பின்வாங்கி ஒதுங்கும் பக்கமாக இருந்ததே இந்த ஊகத்துக்குக் காரணம்.

அந்தக் கூண்டு இப்போது பிரித்து அடுக்கப்பட்டிருக்கிறது. திரும்பும் பயணம் ஒன்று நேர்ந்தால் விளிம்புகளுக்கு உலோகப் பட்டை அடித்து, போல்ட்டுகளைப் புதிதாக மாற்றி, நாயை மறுபடி அளந்த பின்னரே அதைப் பயன்படுத்துவதென்று முடிவு செய்திருக்கிறார்கள்.